நகக்கண்ணில் பச்சை

முப்பந்தல் காற்றாடிகளுக்குக் கீழே
எங்கள் ‘கனவுக்கரை’ப் பூங்காவின் தெற்கு மூலையில்
நீலத் தகரம் அடித்து ஒன்பது மாதம்.
தகரத்தில் ஒரே வரி: மாயலோகம் – விரைவில்.
‘விரைவில்’ என்ற சொல்லை
இத்தனை நாள் வெயிலில் காயப்போட்டவர்கள்
வேறு யாரும் இருக்க முடியாது.

வருடச் சீட்டுக்காரர்கள் நாங்கள் நாலு பேர்.
மாஹீன், தாணுலிங்கம், பல் டாக்டர் பெல்சியா, நான்.
ராட்டினங்களில் ஏறி இறங்கிய தலைசுற்றலோடு
ஞாயிறு சாயங்காலம்
ஆரல்வாய்மொழி ஸ்டேஷன் பக்கம்
டீ குடித்தபடி துப்புத் துலக்குவோம்.

தூத்துக்குடியிலிருந்து வந்த லாரியில்
தார்ப்பாய்க்கு வெளியே ஒரு நகம் நீட்டியிருந்ததாம்.
“முறம் அளவு. சத்தியமா மக்கா, முறம்.”
நகம் இருந்தால் டிராகனா, கேட்டான் தாணு.
யாளிக்கும் நகம் உண்டு,
சுசீந்திரத்தில் போய்ப் பாரும்.
பெல்சியாவிடம் பல் பிடுங்க வந்த தையல்காரர்
வாய் மரத்துப்போவதற்குள் உளறியிருக்கிறார்:
வடசேரியில் நாற்பது கால்சட்டைக்கு ஆர்டர்,
நாற்பதிலும் பின்பக்கம் வால் விடத் துளை.

வாலா? யாருக்கு?
அந்த வாரம் எவரும் ஒழுங்காகத் தூங்கவில்லை.

பிறகு மூன்று பேரும் என்னைப் பார்த்தார்கள்.

தகரத்துக்கு அந்தப் பக்கம்
வர்ணம் பூசுகிறவள் என் மனைவி சுபலா.
சேர்ந்த அன்றே கையெழுத்து வாங்கிவிட்டார்கள்.
உள்ளே பார்த்ததை வெளியே சொல்லக் கூடாது,
வீட்டாரிடமும்.
‘வீட்டாரிடமும்’ என்பதன் கீழ் கோடு போட்டிருந்ததாம்.

அவள் சொல்லவில்லை. நகக்கண் சொன்னது.
திங்கள் பாசிப்பச்சை.
செவ்வாய் அதே பச்சை, கொஞ்சம் கருத்து.
வெள்ளி பொன்.
கரண்ட் பில்லின் பின்பக்கம் குறித்து வைத்தேன்.
பச்சை முதுகு, பொன் வயிறு, டிராகனேதான் என்று நான் தீர்ப்புச் சொல்ல
மாஹீன் எல்லோருக்கும் ரசவடை வாங்கினான்.

அடுத்த திங்கள் பத்து விரலிலும் ஊதா.
கத்தரிக்காய் ஊதா.
“நாக்கு,” என்றாள் பெல்சியா உடனே.
வாய் விஷயத்தில் அவளோடு யார் மல்லுக்கட்டுவது?
ஊதா நாக்கு என்று முடிவாயிற்று.

வீட்டில் மண்ணெண்ணெய்த் துணியால்
விரல் துடைத்துக்கொண்டே சுபலா சிரித்தாள்.
“கேட் கம்பிக்கு அடிச்ச பெயிண்டாக்கும்.
ஒங்களுக்காகத்தான் பத்து வெரலயும் முக்குனேன்.
எத்தன பேரு நம்புனாங்க?”

ஆனி கழிந்தது. கணவாய்க்குள் காற்று ஏறியது,
நிற்கிற பைக்கைச் சாய்க்கிற காற்று.
ஒரு ராத்திரி பதினொன்றரைக்கு மாஹீன் போன்:
நாலு தகரம் பிய்ஞ்சு ரோட்டில கெடக்கு, ஓடி வா.
ஒரு செருப்பு மாட்டியாயிற்று.
மற்றது கட்டிலுக்கடியில்.
குனிந்தபோது அவள் விழித்திருந்தாள்.
“போங்க. நான் ஒண்ணும் சொல்லலயே.”

நான் திறப்பு விழாவில் பார்க்க வேண்டும் என்றுதான்
இத்தனை நாள் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள்.
மாட்டிய செருப்பைக் கழற்றினேன்.

அவர்கள் மூவரும் பார்த்தது
சாக்கு போர்த்திய ஒரு மேடும்
வாட்ச்மேனின் டார்ச் வெளிச்சமும்.
விடிந்தபோது மேடு எழுபது அடியாகியிருந்தது.
ஞாயிற்றுக்கிழமைக்குள் மூச்சும் விட ஆரம்பித்தது.

மறுநாள் சாயங்காலம் அவள் சாப்பாட்டுத் தூக்கைக் கழுவினேன்.
அடித்தட்டில், அரைத்த தேங்காயும் புளியும் மணக்க,
உள்ளங்கை அகலத்தில் ஒரு செதில்.
ஃபைபர். ஓரம் உடைந்து கழிவில் போனது.
பச்சை என்று சொல்ல முடியாது. பொன்னும் இல்லை.
சாய்க்கச் சாய்க்க
காற்றடித்த நெல்வயல்போல ஓடியது நிறம்.
அவள் அடுக்களையில் முதுகு காட்டி
பப்படம் பொரித்துக்கொண்டிருந்தாள்.
நானும் கேட்கவில்லை.

ஞாயிறு மூன்று பேரும் என் வாயையே பார்த்தார்கள்.
“நெய்மீனா இருக்கும்,” என்றேன்.
மாஹீன் டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போனான்.
சட்டைப் பைக்குள் உடைந்த ஓரம்
குத்திக்கொண்டே இருந்தது.

அந்த நாற்பது வால் யாருக்கென்று மட்டும்
எனக்கும் இன்னும் தெரியாது.